எங்கள் வீட்டு இரட்டைக் கோடு

1

கோபம் ஆறின பிறகு எழுது என்கிறார் என் வீட்டுக்காரர். ஆறிப்போனால் நான் எழுதவே மாட்டேன். அதனால் சுடச்சுட எழுதுகிறேன். பெங்களூரில் உட்கார்ந்து படிக்கும் உங்களில் சிலருக்கு, இதற்கா இவ்வளவு கூச்சல் என்று தோன்றலாம். உங்கள் வீட்டிலும் இது இருக்கும், அதனால்தான் அப்படித் தோன்றுகிறது. இங்கே வந்து என் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

விஷயம் இதுதான். என் அம்மா தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். அம்மாவைப் பெற்றவளுக்குக் கூடப் பிறந்த தம்பிதான் என் அப்பா. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் யாருக்கும் இது செய்தியே இல்லை. எதிர்வீட்டில் அத்தை மகன், பக்கத்து வீட்டில் மாமன் மகள், எங்கள் வீட்டில் மாமன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் தொண்ணூற்றொன்றில் இங்கிலாந்துக்கு வந்தோம். கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. மகள் திவ்யாவுக்கு அப்போது ஐந்து வயது. ஊர் வடக்கே இருக்கிறது. மழை பெய்யாத நாளை இங்கே ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்கிறார்கள். பல வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். பிறகு, நாமும் படித்தால் என்ன என்று தோன்றியது. முப்பத்தைந்தாவது வயதில் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கு விண்ணப்பம் போட்டேன். பெங்களூரில் வாங்கிய பட்டம் செல்லுமா என்று ஒரு கடிதம். செல்லும், ஆனால் ஆங்கிலம் தெரியும் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று இன்னொரு கடிதம். எல்கேஜி முதல் கான்வென்ட்டில் ஆங்கிலத்திலேயே படித்தவள் என்று எழுதினேன். அதை நிரூபிக்கப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். என் விடைத்தாளைவிட அந்தக் கேள்வித்தாளில்தான் பிழைகள் அதிகம்.

இரண்டாம் வருடத்தில் பரிணாம உளவியல் என்று ஒரு பாடம். மனிதன் இன்று ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்பதற்கு, லட்சக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் வேட்டையாடித் திரிந்த வாழ்க்கையில் காரணம் தேடுகிற படிப்பு. இனிப்பு ஏன் பிடிக்கிறது, பாம்பைக் கண்டால் ஏன் பயம், பொறாமை ஏன் வருகிறது, எல்லாவற்றுக்கும் பதில் ஆப்பிரிக்கப் புல்வெளியில் இருக்கிறது. முதலில் எனக்கு மிகவும் பிடித்துத்தான் இருந்தது. இரத்த சொந்தத்துக்கு ஏன் மனம் இரங்குகிறது என்று பாடம் நடத்தியபோது, "தானாடாவிட்டாலும் தன் தசையாடும்" என்று எங்களிடம் ஒரு பழமொழியே இருக்கிறது என்று எழுந்து சொன்னேன். ஆசிரியர் அதைத் தன் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அவர் பெயர் வேண்டாம், ஆலிவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று முழுதும் கால் தரையில் பாவவில்லை.

2

ஒரு நாள் வகுப்பில் எல்லோரையும் தங்கள் குடும்ப மரத்தை வரையச் சொன்னார் ஆலிவர். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கல்யாணமானவர்களுக்கு நடுவே ஒரு கோடு. அந்த இருவரும் இரத்த சொந்தமாக இருந்தால் இரட்டைக் கோடு.

என் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் திண்டாடிப் போனார்கள். ஒருத்திக்குத் தாத்தாவின் பேரே தெரியவில்லை. ஒருவன் தன் அப்பாவின் இரண்டாவது மனைவியை எந்தப் பக்கம் போடுவது என்று கையைத் தூக்கினான். நமக்கு அந்தக் கஷ்டம் உண்டா? கல்யாண மண்டபத்தில் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், யாருக்கு யார் என்ன முறை என்று இலை போடுவதற்குள் சொல்லிவிடுகிற ஜாதி நாம். நான் கோலம் போடுகிற சந்தோஷத்தோடு வரைந்தேன். அம்மாவைப் பெற்றவள் எனக்குப் பாட்டியும் ஆகிறாள், அப்பாவின் அக்கா என்பதால் அத்தையும் ஆகிறாள் என்று அம்புக்குறி போட்டு எழுதினேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே அழகாக இரட்டைக் கோடு போட்டேன்.

இதுதான் நான் செய்த தவறு. பெருமையாகக் காட்டிவிட்டேன்.

ஆலிவர் அந்தத் தாளைக் கையில் எடுத்தார், கீழே வைக்கவே இல்லை. "உனக்கு அவள் இரண்டு வழியிலும் இரத்த சொந்தம், கணக்குப்படி பார்த்தால் உன் அம்மா மற்ற அம்மாக்களைவிட உன்மேல் கூடுதலாகப் பாசம் வைக்க வேண்டும்" என்றார். அப்படியானால் கரண்டியால் ஏன் அடித்தாள் என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. ஒரு நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். என் படத்தைக் கேட்கிறாரே என்று தலையாட்டினேன்.

3

அடுத்த வாரம் பெரிய அரங்கில் விரிவுரை. மூன்று துறைப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் இடம். தலைப்பு, "அருவருப்பு தோற்கும் இடம்."

சிறு வயதில் ஒரே கூரையின் கீழ் வளர்பவர்களுக்குள் பிற்பாடு ஆசை எழாது, அருவருப்புதான் எழும், இது இயற்கை செய்து வைத்த ஏற்பாடு என்று ஆரம்பித்தார். நெருங்கிய இரத்தத்தில் பிள்ளை பிறந்தால் நோய் வரும் வாய்ப்பு அதிகம், அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார். அதுவரை சரி. பிறகு, சில சமூகங்களில் இந்த ஏற்பாடு வேலை செய்வதில்லை என்று சொல்லித் திரையில் ஒரு படம் போட்டார்.

என் எழுத்து எனக்குத் தெரியாதா? பெயர்களை மட்டும் வெள்ளைத் தாள் வைத்து மறைத்திருந்தார். அம்மா ஒரு வட்டம். அப்பா ஒரு சதுரம். நடுவே என் இரட்டைக் கோடு, சுவர் உயரத்துக்கு.

அரங்கில் ஒரு சத்தம் எழுந்தது. கெட்டுப்போன பாலை முகர்ந்தவர்கள் போடுவது போன்ற சத்தம். "ஐயோ, அது அவளுடைய அங்கிள்!" என்று எனக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னாள். என் அம்மா அந்த நேரத்துக்குக் காக்ஸ் டவுனில் மாலை விளக்கேற்றிக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்து இத்தனை பேர் முகம் சுளிக்கிறார்கள்.

விரிவுரை முடிந்ததும் மேடைக்கே போய்விட்டேன். "அங்கிள் என்று ஒரே வார்த்தை வைத்துக்கொண்டு நீங்கள் எங்களை அளக்கக் கூடாது" என்றேன். அப்பாவின் தம்பி எங்களுக்குச் சித்தப்பா, அவர் இன்னொரு அப்பா, அவரைக் கட்டுவது என்ற நினைப்பே எங்களுக்குக் குமட்டும். அம்மாவின் தம்பி முறைமாமன், அவன் வேறு. உங்கள் அருவருப்பு எங்களிடமும் இருக்கிறது, அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது என்று படபடவென்று சொன்னேன். ஆத்திரத்தில் பாதி தமிழில் போயிருக்கும்.

"மரபணுவுக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்" என்றார் ஆலிவர், மிகவும் மரியாதையாக. "உனக்கு மாற்றுக் கருத்து இருந்தால் அதையே வருடக் கட்டுரையாக எழுதேன். உன் பெற்றோரிடம் பேசு. சுவாரசியமாக இருக்கும்."

அந்தச் சுவாரசியம் என்ற வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

4

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதை வீட்டில் கொட்டித் தீர்த்தேன். திவ்யா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. தாத்தா, பாட்டி என்றுதான் அவர்களை அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் யாருக்கு யார் என்று நாங்கள் சொன்னதில்லை. மறைத்தோம் என்றில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"பாட்டியோட அங்கிளா தாத்தா?" என்றாள். பிறகு, "இத ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா, ப்ளீஸ்" என்றாள். அவளையும் அந்தப் பின்வரிசைப் பெண்ணையும் நான் அன்று ஒன்றாகத்தான் பார்த்தேன். அவ்வளவு கோபம். டிசம்பரில் பெங்களூருக்குப் போகிறோம், நீயும் வருகிறாய் என்று முடித்துவிட்டேன்.

இதற்கு நடுவில் பல்கலைக்கழகம் ஒரு வேடிக்கை செய்தது. நான் என் அம்மாவிடம் பேசுவதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமாம். பெற்ற தாயிடம்! அவள் மனம் புண்படாமல் எப்படிக் கேட்பேன் என்று நான் பக்கம் பக்கமாக எழுதித் தர வேண்டும். அவளும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பெயர் கட்டுரையில் எங்கும் வரக் கூடாது. அவளை அரங்கம் முழுதும் பார்க்கத் திரையில் போட்டாரே, அதற்கு எந்தக் குழு அனுமதி கொடுத்தது என்று கேட்டேன். அது ஆய்வு இல்லை, கற்பித்தல் என்று பதில் வந்தது.

படிவத்தை அம்மாவுக்குத் தபாலில் அனுப்பி, கையெழுத்தோடு வாங்கி அலுவலகத்தில் கொடுத்தேன். அம்மா எஸ்.எஸ்.எல்.சி. வரை கன்னட மீடியத்தில் படித்தவள், கன்னடத்தில்தான் கையெழுத்துப் போடுவாள். இது என்ன மொழி, இது கையெழுத்துத்தானா என்று விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அதற்கும் பதில் எழுதினேன்.

5

அப்பா அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்களாகிவிட்டன. விதான சௌதாவில் கோப்பு பார்த்தவர். எதையும் ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கித்தான் சொல்வார். நான் வந்த காரியம் தெரிந்ததும் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்கோம்மா. ஒண்ணு, சொத்து சிதறாது. ரெண்டு, வெளியில குடுத்தா பொண்ணு கண் கலங்கும், இங்க மாமியார்னா யாரு, பெத்த பாட்டிதான். மூணு, வரதட்சணைன்ற பேச்சே கிடையாது. பொண்ணை அடிப்பானா எவனாவது? அக்கா வந்து கேக்க மாட்டாளா? உங்க வாத்தியார் ஊர்ல எத்தனை டைவர்ஸ் ஆகுது, அதைக் கேட்டு எழுது. சும்னே பேசறாங்க."

எனக்கு வேண்டியது இதுதான். ஒவ்வொன்றும் ஆலிவரின் தலையில் போட வேண்டிய கல். பிள்ளைக்குப் பாதுகாப்பு, தாய்வழி ஆதரவு என்று அவர் பாஷையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். கட்டுரை முடிந்த மாதிரி சந்தோஷப்பட்டேன். அம்மா சொல்வதையும் இரண்டு வரி சேர்த்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

அவரைக்காய்ப் பருவம். ஊறவைத்த கொட்டையைத் தோல் பிதுக்கி எடுக்கிற வேலை வீட்டில் ஓயாது. மத்தியானம் அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அம்மா, நான், திவ்யா மூவரும் கூடத்தில் முறத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். திவ்யா பிதுக்குகிற பருப்பெல்லாம் சுவரில் போய் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அப்பாவைக் கட்டிக்கிட்டதுல உனக்கு என்னென்ன நல்லதுன்னு சொல்லு" என்றேன்.

"அதான் அவர் சொல்லிட்டாரே. நான் என்ன ஜாஸ்தி சொல்றது?" என்றாள் அம்மா.

திவ்யா தலை நிமிரவில்லை. "பாட்டி, உன்னை யாராவது கேட்டாங்களா? தாத்தாவைக் கட்டிக்க உனக்கு ஓகேவான்னு?"

அம்மாவின் கை நின்றது. நான் திவ்யாவை முறைத்தேன். அம்மா என்னைக் கையமர்த்தினாள்.

"இந்த வீட்ல இதைக் கேட்ட மொதல் ஆளு நீதான் கண்ணு" என்றாள்.

6

"எனக்கு நாலு வயசுல அவர் ஆம்பூர்லேந்து எங்க வீட்டுக்கு வந்தார், படிக்கறதுக்கு. எனக்குத் தலை வாரி விட்டது அவர்தான். பேன் பாத்தது அவர்தான். சைக்கிள் பாருல உக்கார வெச்சி ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனது அவர்தான். பதினேழு வயசுல ஒரு நாள் வீட்ல எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கறாங்க. என்னான்னு கேட்டா, தை மாசம் உனக்கும் மாமாவுக்கும் கல்யாணம்ன்றாங்க. நானும் சிரிச்சேன். தமாஷ் பண்றாங்கன்னு நெனச்சேன்."

"அப்புறம்?" என்றாள் திவ்யா.

"அப்புறம் தை மாசம் வந்துது."

அம்மா மறுபடி பிதுக்க ஆரம்பித்தாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"ரெண்டு வருஷம் நான் சமையல்கட்டுலதான் படுத்தேன். அவர் முன் ரூம்ல. புதுப் பொண்ணு, கூச்சம்னு எங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தாங்க. கூச்சமில்லடி அது. கூச்சம்னா ரெண்டு மாசத்துல போயிடும். மனசு ஒத்துக்கல. கூடப் பொறந்தவனுக்குக் கட்டி வெச்ச மாதிரி இருந்துது. பக்கத்துல வந்தா ஓடிடலாம் போல இருக்கும். அவருக்கும் அதேதான். ஒரு நாள் அவரே சொன்னார், 'கௌசி, எனக்கும் பேஜாராத்தான் இருக்கு. அக்கா சோறு போட்டு வளத்தா. அவ கேட்டா நான் எப்படி மாட்டேன்றது?' அன்னிக்குத்தான் அவர் மேல இருந்த கோபம் போச்சு. அவரையும் யாரும் கேக்கலயே."

நான் அவர்களுக்குக் கல்யாணமாகி நான்காவது வருடம் பிறந்தவள். ஏன் அத்தனை தாமதம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? முதலில் ஆலிவர் மேல். அவர் பாடம் வார்த்தைக்கு வார்த்தை சரி என்றல்லவா என் அம்மா சொல்கிறாள்! ஒரே கூரை, சிறு வயது, அருவருப்பு. இத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்து அவருக்கே சாட்சி தேடிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் யோசிக்க யோசிக்க ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை. அருவருப்பு தோற்கும் இடம் என்று சொன்னாரே, அது எங்கே தோற்றது? சமையல்கட்டில் இரண்டு வருடம் முழித்துக்கொண்டு படுத்திருந்ததே! அவர் புத்தகத்தில் துணையைத் தேர்ந்தெடுப்பது பற்றி எத்தனை அத்தியாயம். யார் யாரை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வரைபடம், பட்டியல். என் அம்மா எப்போது தேர்ந்தெடுத்தாள்? அவளுக்கு அந்த அத்தியாயமே கிடையாது. வளர்த்தவள் கேட்டாள், வளர்ந்தவன் தலை குனிந்தான், இவளுக்குப் புடவை எடுத்தார்கள். இதைச் செய்தது மரபணுவா? சோற்றுக் கடன் அல்லவா செய்தது!

அடுத்த கோபம் நம்மவர்கள் மேல். சொத்து சிதறாது, கண் கலங்காது என்று விரல் மடக்கிச் சொல்கிறோமே, அந்தக் கண்ணை யார் போய்ப் பார்த்தோம்? பெருமை பேசுகிறவர்களும் முகம் சுளிக்கிறவர்களும் ஒன்றில் மட்டும் ஒற்றுமை. இருவருமே அவளிடம் கேட்கவில்லை.

"அம்மா, இதையெல்லாம் நான் எழுதல" என்றேன்.

"ஏன்? எழுது. நீ எழுதாட்டி நான் எதுக்கு இந்த வயசுல பேசறேன்? ஆனா அந்த ஆளு வட்டம் போட்டான்னியே, அதெல்லாம் வேணாம். என் பேரைப் போடு. கௌசல்யா சொன்னான்னு போடு. இன்னொண்ணும் போடு. அப்புறம் நாங்க நல்லாத்தான் இருந்தோம். எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டா எனக்கே தெரியாது, ஆனா நல்லா இருந்தோம். அதை விட்டுட்டன்னா பொய்யாயிடும்."

அப்பா பையோடு உள்ளே வந்தார். "மாமா, காபி போடட்டா?" என்று எழுந்தாள் அம்மா. திவ்யா தாத்தாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அவர் பக்கத்தில்கூட அவள் போகாமல் இருந்தாள்.

7

கட்டுரையை அம்மா சொன்னபடியே எழுதினேன். அருவருப்பு இருந்தது, அது தோற்கவில்லை, அடக்கப்பட்டது, அடக்கியது கடமை, அதற்குப் பிறகு வந்த அன்புக்கு உங்கள் பாடத்தில் இடம் இல்லை என்று எழுதினேன். அப்பாவின் விரல் மடக்கலையும் சேர்த்தேன். முதல் பக்கத்திலேயே அம்மாவின் பெயரைப் போட்டேன். ஊர் வழக்கத்தைக் காப்பாற்றவும் இல்லை, ஆலிவருக்குப் பணிந்து போகவும் இல்லை. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நேர்மையானது அதுதான்.

போன வாரம் திரும்பி வந்தது. தேறியிருக்கிறேன், அவ்வளவுதான். அம்மாவின் பெயர் வருகிற இடமெல்லாம் சிவப்பு மையால் அடித்து "பங்கேற்பாளர் அ" என்று எழுதியிருந்தது. பெயரை வெளியிட்டதற்கு மதிப்பெண் குறைப்பு. கடைசிப் பக்கத்தில் ஆலிவரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு. மனதைத் தொடும் எழுத்து, ஆனால் ஒரே ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வது சான்று ஆகாது, அதை வைத்துக் கோட்பாட்டைக் கேள்வி கேட்க முடியாது.

மேல்முறையீடு செய்யலாம், அதற்கு ஒரு படிவம் உண்டு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். விட்டுத் தொலை என்றார் கணவர். படிவத்தை முதலில் கையில் எடுத்தது திவ்யாதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். வருத்தப்படுவாள் என்று பூசி மெழுகித்தான் சொன்னேன். ஒருத்தி பேச்சை மட்டும் வைத்து முடிவு பண்ண மாட்டார்களாம், நிறையப் பேர் சொல்ல வேண்டுமாம் என்றேன்.

அம்மா திருப்பிக் கேட்டாள்.

"ஒருத்தி சொன்னா கணக்குல வராதா? சரி. அன்னிக்கு அத்தனை பசங்க முன்னாடி என்னைப் படம் போட்டுக் காட்டி, எங்க ஜனமே இப்படித்தான்னு சொன்னானே, அப்ப நான் எத்தனை பேரு?"

மேல்முறையீட்டுப் படிவத்தில் "காரணம்" என்று ஒரு பெரிய கட்டம் இருக்கிறது. வேண்டுமானால் கூடுதல் தாள் இணைக்கலாம் என்று கீழே போட்டிருக்கிறது. எனக்குத் தேவைப்படவில்லை. அம்மா கேட்ட கேள்வியை அப்படியே மொழிபெயர்த்து எழுதினேன். அதன் கீழே, கேட்டவர்: கௌசல்யா, காக்ஸ் டவுன், பெங்களூர்.